இரண்டாவது இரவு

மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரனின் கதை கிறிஸ்தவ உலகில் பரிச்சயமானது. நான்காம் நூற்றாண்டு. இன்று பிரான்ஸில் இருக்கும் அமியான் நகரத்தின் வாசலில், பலர் குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருந்த ஒரு பருவத்தில், துணியில்லாத பிச்சைக்காரன் ஒருவன் நிற்கிறான். மார்ட்டின் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. கையிலிருந்ததை எல்லாம் முன்பே கொடுத்துத் தீர்த்திருந்தான். மிஞ்சியது தோளில் கிடந்த மேலங்கி ஒன்றுதான். வாளால் அதை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைக் கொடுத்தான். பாதி அங்கியோடு அவன் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். தங்களிடம் அதிகம் இருந்தும் கொடுக்காமல் போனோமே என்று சிலர் வருந்தினார்கள். அன்றிரவு அவன் கனவில், அந்தப் பாதி அங்கியைப் போர்த்துக்கொண்டு கிறிஸ்து வந்தார். இவ்வளவையும் எழுதி வைத்தவர் அவருடைய சீடரான சுல்பீஷியஸ் செவெரஸ்.

அந்தப் பிச்சைக்காரன் அன்றிரவு எங்கே படுத்தான் என்பது மட்டும் இதில் இல்லை. கதை மார்ட்டினோடு அவன் படுக்கைக்குப் போய்விடுகிறது. கனவில் வருகிறவர் கிறிஸ்து. கனவுக்கு வெளியே நகர வாசலில் நின்றவனுக்குப் பாதி அங்கி கிடைத்திருக்கிறது, குளிர் குறையவில்லை, மறுநாளும் இரவு வரப்போகிறது.

மீதி அங்கியின் சரித்திரம் நமக்குத் தெரியும். பிராங்க் அரசர்கள் அதைப் புனிதப் பொருளாகப் பாதுகாத்தார்கள். அதன்மேல் சத்தியம் செய்தார்கள். யுத்தத்துக்கு எடுத்துப் போனார்கள். லத்தீனில் சிறிய மேலங்கிக்கு 'கப்பெல்லா' என்று பெயர். அது வைக்கப்பட்ட இடமும் அந்தப் பெயரையே பெற்று, பின்னால் சிறிய கோயில்கள் எல்லாவற்றுக்கும் ஆகி, ஆங்கிலத்தில் 'சாப்பல்' ஆயிற்று. துணிக்குக் கூரை கிடைத்துவிட்டது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மார்ட்டின் செய்தது பெரிய காரியம். நான் அந்த வாசலைக் குதிரையில் கடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிப்பதே அசௌகரியமாக இருக்கிறது. ஆனால் இரக்கம் என்று நாம் பழகிவந்திருப்பதன் அமைப்பு இந்தக் கதையில் பூரணமாக இருக்கிறது. முதல் இரவுக்கு அதில் எல்லாம் உண்டு. இரண்டாவது இரவுக்கு ஒன்றுமில்லை.

இந்த இரண்டாவது இரவைப் பற்றி யோசித்த ஒருவர் அதே நூற்றாண்டில் இருந்தார். யோவான் கிறிசோஸ்தோம், கான்ஸ்டாண்டிநோபிளின் ஆயர். அதற்குள் சபை பணக்காரச் சபையாகிவிட்டது. அந்நியர்களும் நோயாளிகளும் தங்க விடுதிகள் கட்டப்பட்டிருந்தன. பசில் செசரியாவுக்கு வெளியே எழுப்பிய விடுதியை ஒரு புதிய நகரம் என்றே அவருடைய நண்பர் கிரெகரி வர்ணித்தார். கிறிசோஸ்தோமுக்கு இதில் ஒரு உறுத்தல். சபையிடம் பொதுப் பணமும் விடுதியும் இருக்கின்றன என்று சொல்லி ஜனங்கள் தங்கள் கடமையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளைப் பற்றிய பிரசங்கம் ஒன்றில் அவர் கேட்டது மிகச் சாதாரணமான விஷயம்: ஒவ்வொருவரும் தன் வீட்டில் அந்நியனுக்கென்று ஒரு அறை ஒதுக்க வேண்டும், அதில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு விளக்கு. ரதத்துக்குக் கொட்டகை இருக்கிற வீட்டில் கிறிஸ்துவுக்கு இடம் இல்லாமல் போவதெப்படி என்பது அவர் வாதம். கட்டில், மேஜை, விளக்கு என்று அவர் எண்ணிச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டில் மறுநாளும் இருக்கும்.

நம்மிடம் திண்ணை இருந்ததே என்று சொல்லலாம். இருந்தது. வழிப்போக்கன் கேட்காமலே படுத்து எழுந்து போகும்படி வீட்டின் ஒரு பகுதியைத் தெருவுக்குக் கொடுத்த கட்டிடக் கலை அது. ஆனால் எந்தத் தெருவின் திண்ணையில் எந்த ஜாதிக்காரன் படுக்கலாம் என்பதும் அந்தக் கட்டிடக் கலைக்குள்ளேயே இருந்தது. தெருவுக்குள் நுழையவே முடியாதவனுக்குத் திண்ணை என்ன செய்யும்? இப்போது அந்த விவகாரமும் தீர்ந்துவிட்டது. திண்ணையை இடித்து, கம்பிக்கதவு போட்டு, உள்ளே வண்டி நிறுத்துகிறோம். கிறிசோஸ்தோம் சொன்ன ரதக் கொட்டகைதான்.

என் அம்மா திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவள். அந்தப் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வருஷத்தில் ஒருநாள் அசனம். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுவார்கள். அம்மாவுக்கு இறையியல் தெரியாது. ஒரு பிடி என்பதை ஒருநாளும் விடக்கூடாது என்பது தெரியும். சென்னைக்கு என்னோடு வந்து தங்கிய பிறகும், கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லாத நிலையிலும், ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் அரிசியைப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

எங்கள் தெருமுனை நடைபாதையில், ஒரு மின்பெட்டியை ஒட்டி நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணும் அவள் மகளும் இருந்தார்கள். தாய் பூக் கட்டுகிறவள். மகளுக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். அம்மா பூ வாங்கப் போன இரண்டாவது நாளே, "ராத்திரி எங்கம்மா படுப்பே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் அதற்குமுன் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காதது. "படுக்கறது எங்கம்மா. பொண்ணு படுக்கும். நான் குந்திக்கினு இருப்பேன். வெளிச்சம் வந்தா நான் ஒரு தூக்கம் போடுவேன்."

வீடில்லாமை என்றால் கூரையில்லாமை என்று நினைக்கிறோம். அவளுக்குக் கூரை பெரிய விஷயமாக இல்லை, தார்ப்பாய் இருந்தது. இல்லாதது தூக்கம். வயதுக்கு வந்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூட முடியாது. இருட்டிய பிறகு ஒதுங்க இடமில்லாததால் சாயங்காலத்துக்கு மேல் இருவரும் தண்ணீர் குடிப்பதில்லை. ரோந்து வண்டி வந்தால் பாத்திரங்களை வாரிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகவேண்டும். விலாசம் இல்லாததால் எந்தக் காகிதத்துக்கும் மனுப் போட முடியாது. இந்தியா முழுவதும் வீடற்றவர்களை 2011-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ந்தேதி ஒரே இரவில் எண்ணினார்கள், 17.7 லட்சம் பேர் என்று வந்தது. படுத்திருக்கும் இடத்தில் போய் எண்ணுவதுதான் முறை. விழித்து உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண் அந்தக் கணக்கில் எப்படி விழுந்திருப்பாள் என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது நகரத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பள்ளிகள், மசூதிகள், கல்யாண மண்டபங்கள், கோயில்கள் எல்லாம் திறந்தன. எங்கள் பகுதியில் இருந்த தேவாலயம் ஒன்றும் திறந்தது. வாலிபர் சங்கத்துப் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டுகளைத் தலைமேல் சுமந்து போனதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த யாரும் கிறிஸ்தவ இரக்கம் வெறும் பேச்சு என்று சொல்லமாட்டார்கள். அடுக்குமாடிக்காரரும் குடிசைக்காரரும் ஒரே பெஞ்சுகளில் படுத்தார்கள். பூக்காரப் பெண்ணும் மகளும் அங்கே ஒன்பது இரவு தூங்கினார்கள். தாய்க்கு அது இரவுத் தூக்கம்.

தண்ணீர் வடிந்தது. வீடு இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பத்தாம் நாள் பெஞ்சுகளைக் கழுவி, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் இருவரும் மின்பெட்டிக்குத் திரும்பினார்கள். அம்மா கமிட்டிக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். கோயிலின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தை மட்டும் ராத்திரியில் பூட்டாமல் விடமுடியுமா என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர். வெள்ளத்தில் தன் காரை இழந்தும், நான்கு நாள் சமையலுக்குப் பக்கத்தில் நின்றவர். "செய்யலாம்மா. ஆனா பழகிடுவாங்க" என்றார். அம்மா சொன்னாள்: "பழகட்டுமே ஐயா. நாம வீட்டுக்குப் பழகலியா?"

அதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. தாழ்வாரமும் திறக்கவில்லை.

'பழகிவிடுவார்கள்' என்ற சொல்லில் ஒரு உண்மை இருக்கிறது. பழகியவன் பிச்சைக்காரனாக நீடிக்கமாட்டான். இந்தத் தலையணை எனக்கு வேண்டாம் என்பான். நேற்றைய குழம்பில் உப்பில்லை என்பான். நன்றி சொல்ல மறந்துவிடுவான். முதல் இரவில் அவனுடைய தேவை மட்டும் தெரிகிறது. இரண்டாவது இரவில் அவனுடைய சுபாவம் வந்துவிடுகிறது. இரக்கம் தேவையைத் தாங்கும். சுபாவத்தைத் தாங்க வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

அம்மா அவர்கள் இருவரையும் எங்கள் முன்னறையில் படுக்கச் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வந்து காலை ஐந்துக்குப் போவார்கள். இப்படிப் பதினான்கு மாதம். இதில் மனம் நெகிழும்படியான காட்சிகளை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மாடிப்படியில் ஏறி இறங்குவது பற்றிக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு கைக்கடிகாரம் காணாமற் போனது. யார் எடுத்தது என்பது தீர்மானமாகவே இல்லை. அந்தச் சந்தேகம் முன்னறையில் ஒரு மாதம் எல்லோரோடும் படுத்திருந்தது. தாய் குறட்டை விடுவாள். மகள் அம்மாவின் சோப்பை எடுத்துக் குளித்துவிட்டு ஈரமாகவே வைத்துவிடுவாள். அதற்காக இருவருக்கும் சண்டை நடக்கும். மகளிடம் எந்தப் பணிவும் கிடையாது. அம்மா பைபிள் வாசிக்கும்போது அவள் கைப்பேசியில் பாட்டு வைப்பாள். "நிறுத்துட்டி" என்பாள் அம்மா. "காதுல தான வாங்காதே ஆயா" என்பாள் அவள். ஆயா என்ற சொல் எந்த நாளில் வந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

ஏறத்தாழ அந்த மாதங்களில்தான் நான் டோரதி டேயின் 'நெடுந்தனிமை' என்ற சுயசரிதையைப் படித்தேன். ஆங்கிலத்தில் 1952-ல் வெளியான புத்தகம். சோஷலிஸ்டுப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்து, 1927-ல் கத்தோலிக்கரானவர். 1933 மே தினத்தன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்ற பத்திரிகையை ஒரு சென்ட் விலைக்கு விற்கத் தொடங்கினார். அமெரிக்காவில் உழைப்பாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லாத வருஷம் அது. அவருடைய சகாவான பீட்டர் மோரின் பழைய சபைப் பிதாக்களைப் படித்தவர். விருந்தினர் இல்லங்கள் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். எழுதியதை நம்பி ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டியதாயிற்று. எழுத்துக்கு இப்படியொரு விளைவு நேர்வது சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்குப் பீதி தரக்கூடியது.

டே அந்த இல்லங்களை நிர்வகிக்கவில்லை, அவற்றில் குடியிருந்தார். 1980 நவம்பர் 29-ந்தேதி அப்படிப்பட்ட ஒரு இல்லத்திலேயே, வீடற்ற பெண்களுக்கு நடுவில் இறந்தார். குடிகாரர்கள், மனப்பிறழ்வு கண்டவர்கள், திருட்டு, மூட்டைப்பூச்சி எல்லாம் அவர் எழுத்தில் வருகின்றன. வருகிறவன் தகுதியானவனா என்று விசாரிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. எவ்வளவு நாள் என்ற கெடுவும் இல்லை. பலர் வந்து, தங்கி, அங்கேயே இறந்து போனார்கள்.

இது ஓட்டுப் போடும் வேலை, இரக்கம் சுரண்டலின் கிழிசலைத் தைத்துக் கொடுக்கிறது என்று என் மார்க்ஸிய நண்பர் ஒருவர் சொல்வார். டேயிடம் இதைச் சொல்லியிருந்தால் மறுத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். 1960-ல் அவர்களுடைய வீடு ஒன்றைச் சுரங்க ரயிலுக்காக எடுத்துக்கொண்ட நகராட்சி, நஷ்டஈடு தாமதமானதற்கு 3,579 டாலர் சொச்சம் வட்டி கொடுத்தது. பணம் பணத்தைப் பெறுவதில் தங்களுக்கு நம்பிக்கையில்லை என்று கடிதம் எழுதி அதைத் திருப்பி அனுப்பினார். சூப்புக்குக் காசில்லாமல் இருந்தவர் செய்தது இது. அமைப்பு மாறவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அது மாறும்வரை இரவுகள் காத்திருக்குமா என்பதுதான் அவர் கேள்வி. நம் நாட்டிலும் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், வருஷம் முழுவதும், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. அது வேண்டியதுதான். அரசாங்கம் கட்டில் போடலாம். ஆனால் சோப்பை ஈரமாக வைத்ததற்குச் சண்டை போட ஒருவர் வேண்டுமே, அவரை எந்த உத்தரவும் அனுப்பாது.

டேயின் வாழ்க்கையில் கவிகளுக்கு உரிய சம்பவம் ஒன்று உண்டு. 1956-ல் இல்லம் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு இல்லை என்று நீதிமன்றம் அவருக்கு 250 டாலர் அபராதம் விதித்தது. காலையில் நீதிமன்றத்துக்குக் கிளம்பி வெளியே வந்தபோது, வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து கசங்கிய உடையோடு ஒருவர் வந்து ஒரு காகிதத்தைக் கையில் திணித்து, இரண்டு ஐம்பது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உதவிக்கு வருகிறவர்களில் ஒருவர் என்று எண்ணி, இரண்டரை டாலருக்கு நன்றி சொன்னார் டே. வழியில் பிரித்துப் பார்த்தால் 250 டாலருக்குக் காசோலை. கையெழுத்து டபிள்யூ. எச். ஆடன்.

மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், பசித்தவனுக்கும் அந்நியனுக்கும் செய்தது தமக்கே செய்தது என்று கிறிஸ்து சொல்லும்போது, வலதுபக்கம் நிற்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். எப்போது உம்மைக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. பசித்தவனைப் பசித்தவனாகத்தான் பார்த்தார்கள். இந்த அதிகாரத்தைப் படித்தவர்களுக்கோ தெரிந்துவிட்டது. அதனால் ஒரு ஆபத்து. பிச்சைக்காரனில் கிறிஸ்துவைப் பார்க்கிற அவசரத்தில் பிச்சைக்காரன் மறைந்துபோகிறான். அவன் ஒரு குறியீடு ஆகிறான். மார்ட்டினின் கனவில் நடந்தது அதுவே. டே ஆடனைப் பார்த்தபோது கவிஞனையும் காணவில்லை, கிறிஸ்துவையும் காணவில்லை; கசங்கிய உடைக்காரர் ஒருவரைக் கண்டார். அந்தக் கணத்தில் அவர் அந்த வலதுபக்கத்து வரிசையில் நின்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறியீடு என்றதும் இது நம் வீட்டு விஷயமாகிவிடுகிறது. நடைபாதையில் படுத்திருப்பவனைப் படிமமாக்காத புதுக்கவிஞன் குறைவு. நகரத்தின் வெறுமைக்கு, கடவுளின் மௌனத்துக்கு, நம்முடைய அந்நியமாதலுக்கு அவன் நின்று கொடுத்திருக்கிறான். ஒரு வரியில் வந்து அடுத்த வரியில் காணாமற் போயிருக்கிறான். ஏன், நம்மில் ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். 'நாளை மற்றுமொரு நாளே'யை 1974-ல் எழுதிய ஜி. நாகராஜனுக்குக் கடைசி வருஷங்களில் நிலையான இருப்பிடம் இல்லை. 1981-ல் மதுரையில் இறந்தார். அதன்பிறகு அவருடைய அலைச்சல் இலக்கியக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, கலைஞனின் சுதந்திரத்துக்கு அத்தாட்சியாக, மெருகேறி, தொன்மமாகிவிட்டது. அதன்மேல் சத்தியம்கூடச் செய்கிறோம். மேலங்கிக்குக் கட்டிய கோயில் இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. அவருக்குச் சில இரவுகள் இடம் கொடுத்த நண்பர்களைப் பற்றி நான் குறைவாகப் பேச மாட்டேன். பேசும் தகுதி அவர்களுக்குத்தான் உண்டு. தொன்மத்தைப் பேணுகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்.

டேயையும் இது விட்டுவைக்கவில்லை. அவரைப் புனிதராக அறிவிப்பதற்கான விசாரணையைத் தொடங்க 2000-ஆம் வருஷம் வாட்டிகன் அனுமதித்தது. நியூயார்க்கில் அந்த இல்லங்கள் இன்னும் இருக்கின்றன. எது கோயிலாகும், எது வீடாக நீடிக்கும் என்பது இனி வருகிறவர்களைப் பொறுத்தது.

பதினைந்தாவது மாதம் தாய்க்கும் மகளுக்கும் நகரத்துக்கு வெளியே, வாரியத்துக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. எட்டாவது மாடி. அங்கே பூ விற்க முடியாது என்பதால் தாய் தினமும் இரண்டு பஸ் மாறி எங்கள் தெருமுனைக்கே வந்தாள். மகள் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். போன அன்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். சொல்லிக்கொண்டு போயிருக்கலாம் என்று ஒரு வாரம் புலம்பினாள். பிறகு ஒருநாள் பூ வாங்கப் போனவள், பேரம் பேசி, அவளோடு சண்டை போட்டுவிட்டு, முழம் ஐந்து ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டு வந்தாள். விலைதான் குறைந்தது, முழமும் குறைந்துவிட்டது, அவள் கை சின்னது என்று என்னிடம் குறைப்பட்டாள்.